திங்கட்கிழமை வயிற்றுவலி: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்ததும், "வயிறு வலிக்குது டீச்சர்" என்று ஒரு குரல் கேட்கும். மேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பல வருடங்களாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்தக் குரல் கேட்காத திங்கட்கிழமைகள் குறைவு. நடிக்கிறான், வீட்டுப்பாடம் எழுதியிருக்க மாட்டான், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு வாராவாரம் இப்படி வந்தது. அவன் பாட்டி ஓமத்தண்ணீர் கொடுத்தார், டாக்டரிடம் காட்டினார், பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தார், பயந்திருப்பான் என்று பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதிக்கொண்டும் வந்தார். செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். அடுத்த திங்கள் மறுபடியும் வரும். நடிக்கிறான் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. எல்லார் முன்னாலும் அவனை அதட்டியும் இருக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது. அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுவார். பிள்ளை அழுவானே என்று அவன் தூங்கிய பிறகே கிளம்புவார். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் அப்பா இல்லை. அப்படியே எழுந்து குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்து நிற்பான்.

அந்த வயிற்றுவலி நிஜமான வலி. அது எப்படி வருகிறது என்று புரிந்துகொண்ட பிறகு, வகுப்பில் நடக்கிற பல விஷயங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. புதிதாக இதைப் படிக்க வருகிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

## சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் "பிள்ளைகளின் மனநலம்" என்று பேச ஆரம்பித்தேன். ஓர் அம்மா எழுந்து, "எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா டீச்சர்?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. "மனநலம் பாதிக்கப்பட்டவர்" என்று செய்தித்தாளில் வருகிற இடத்தில்தான் நம்மில் பலர் இந்தச் சொல்லை முதன்முதலில் பார்த்தோம். அதனால் சொல்லே நோயின் பெயராகக் காதில் விழுகிறது.

உடல்நலம் என்றால் நமக்கு நோயா நினைவுக்கு வருகிறது? பசித்துச் சாப்பிடுவது, அசந்து தூங்குவது, ஓடியாடுவது நினைவுக்கு வருகிறது. மனநலமும் அப்படித்தான். சளி பிடிக்காத பிள்ளை கிடையாது. அதுபோல அழாத, கோபப்படாத, பயப்படாத பிள்ளையும் கிடையாது. நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். அழுது முடித்த பிறகு மறுபடி விளையாடப் போக முடிகிறதா? கூட்டாளிகளோடு சேர முடிகிறதா? புதிதாக ஒன்றைச் சொல்லித்தந்தால் மனம் அதில் ஒட்டுகிறதா? இவை இருந்தால் அந்தப் பிள்ளையின் மனம் நலமாகவே இருக்கிறது, நடுவில் எத்தனை முறை அழுதாலும்.

அடுத்த குழப்பம் "மன அழுத்தம்". தமிழில் இந்த ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, பரீட்சை, கடன், சண்டை என்று வெளியிலிருந்து வரும் பாரமும் அதற்கு உடம்பும் மனமும் காட்டும் எதிர்வினையும். இதுதான் சரியான பொருளில் மன அழுத்தம். மற்றொன்று, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல், சிரிப்பில்லாமல், உற்சாகம் வற்றிப்போகும் நோய். அதற்கு மனச்சோர்வு என்று தனிப்பெயர் இருக்கிறது. மன அழுத்தம் இடுப்பில் இருக்கும் நிறைகுடம் மாதிரி. இறக்கி வைத்தால் நிமிர்ந்துவிடலாம். மனச்சோர்வு, குடத்தை இறக்கிய பிறகும் நிமிர முடியாத இடுப்பு. முதலாவதற்குப் பாரத்தைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்கு வைத்தியம் வேண்டும். தொடக்கப்பள்ளியில் நாம் அதிகம் பார்ப்பது முதல் வகையைத்தான்.

இதுவரை பார்த்தது: மனநலம் நோயின் பெயர் இல்லை. மன அழுத்தம் பாரம், மனச்சோர்வு நோய். அழுவதும் பயப்படுவதும் நலமான பிள்ளைக்கும் உண்டு.

## பரண்மேல் காவல்காரர்

சோளக்காட்டில் பரண் கட்டிக் காவல் இருந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ராத்திரி ஏதாவது அசைந்தால் காவல்காரர் தகரத்தைத் தட்டுவார். அசைந்தது காட்டுப்பன்றியா, காற்றில் ஆடிய சோளத்தட்டையா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் தட்டலாம் என்றால் அதற்குள் பயிர் போய்விடும். அதனால் முதலில் தட்ட வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மூளைக்குள்ளும் இப்படி ஒரு காவல்காரர் இருக்கிறார். தலையின் இரண்டு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, வாதாம்பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி. அமிக்டலா என்று பெயர். ஆபத்துபோலத் தெரிகிற எதைக் கண்டாலும் தகரம் தட்டுவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. நாய் துரத்தினாலும் தட்டும், டீச்சர் ஸ்கேலால் மேசையில் ஓங்கி அடித்தாலும் தட்டும், பக்கத்தில் இருப்பவன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தட்டும்.

தகரச் சத்தத்துக்கு ஊரே விழித்துக்கொள்வதுபோல உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலின் என்ற அவசர ரசாயனத்தை ரத்தத்தில் விடும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், கை வியர்க்கும். உடம்பு மூன்றில் ஒன்றைச் செய்யத் தயாராகும்: எதிர்த்து நிற்பது, ஓடுவது, அசையாமல் உறைந்துபோவது.

வகுப்பில் இந்த மூன்றையும் தினமும் பார்க்கலாம். பென்சிலை எடுத்தவனை அடித்துவிடும் பிள்ளை எதிர்த்து நிற்கிறது. அதை முரடு என்கிறோம். பாத்ரூம் போகிறேன் என்று பத்து முறை வெளியே போகும் பிள்ளை ஓடுகிறது. அதைச் சேட்டை என்கிறோம். கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காத பிள்ளை உறைந்துபோயிருக்கிறது. அதைத் திமிர் என்கிறோம், அல்லது "ரொம்ப அமைதியான பிள்ளை" என்று பாராட்டுகிறோம். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கடைசி வகைதான். அடிக்கிற பிள்ளையை எல்லாரும் கவனிக்கிறார்கள். உறைந்துபோன பிள்ளை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, அதனாலேயே வருடம் முழுக்க யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

சரி, தட்டுகிற காவல்காரரை யார் நிறுத்துவது? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. முன்நெற்றிப் புறணி என்பார்கள். யோசிப்பது, பொறுப்பது, விளைவை எடைபோடுவது எல்லாம் அதன் பொறுப்பு. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, காத்துதான்" என்று சொல்லும் வீட்டுப் பெரியவர் அவர். ஆனால் காவல்காரர் கைக்குழந்தைப் பருவத்திலேயே வேலைக்கு வந்துவிடுகிறார். பெரியவர் முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குள் இருக்கும் பெரியவருக்கும் எட்டு வயதுதான். தகரம் பலமாக ஒலிக்கும்போது அவர் குரல் எடுபடாது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் புத்திமதியும் எடுபடாது, ஏழாம் வாய்ப்பாடும் எடுபடாது.

சுருக்கமாக: ஆபத்துபோலத் தெரிந்தால் அமிக்டலா முதலில் தட்டிவிடும். அதை அடக்கும் முன்நெற்றிப் புறணி சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பல சமயம் நாம் குணம் என்று பெயர் வைப்பது, உடம்பு அடிக்கும் தகரச் சத்தத்தை.

## அப்படியானால் வயிறு ஏன் வலிக்கிறது?

ஓட வேண்டிய நேரத்தில் சாப்பாட்டைச் செரிப்பது அவசரமான வேலை இல்லை. அதனால் உடம்பு வயிற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக் கைகால் தசைகளுக்கு அனுப்புகிறது. குடலின் அசைவு மாறுகிறது. குடலின் சுவருக்குள் தனியாக ஒரு நரம்பு வலையே இருக்கிறது; அது வேகஸ் என்ற நீண்ட நரம்பு வழியாக மூளையோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. மேலே கலங்கினால் கீழே கலங்கும்.

இது நம் பேச்சுக்கு எப்போதோ தெரியும். வயிற்றைக் கலக்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, குலை நடுங்குகிறது என்றெல்லாம் பயத்தை உடம்பில் வைத்தே சொல்கிறோம். தொல்காப்பியம் உணர்வுகளுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. ஏழு வயதுப் பிள்ளைக்கு "ஏக்கமாக இருக்கிறது" என்று சொல்ல வராது. வயிறு என்ற சொல் வரும், அதைச் சொல்கிறது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காய்ச்சல், வாந்தி, எடை குறைவது என்று கூடவே வேறு ஏதாவது இருந்தாலோ முதலில் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். எல்லா வயிற்றுவலியையும் மனசின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

## ஒரு நாள் பயம், ஓயாத பயம்

ஆண்டுவிழா மேடையில் திருக்குறள் ஒப்பிக்கப் போகும் பிள்ளைக்கும் தகரம் ஒலிக்கும். ஒப்பித்து இறங்கியதும் அடங்கிவிடும். இந்த அளவு பயம் பிள்ளைகளை வளர்க்கிறது. பயமே தெரியாமல் பொத்தி வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓயாமல் ஒலிப்பதுதான் கெடுதல். தகரம் விடாமல் ஒலித்தால் உடம்பு கார்டிசால் என்ற இன்னொரு ரசாயனத்தைத் தொடர்ந்து சுரக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அது தெம்பு தரும். மாதக்கணக்கில் இருந்தால் தூக்கம் கெடும், படித்தது ஞாபகத்தில் நிற்காது, அடிக்கடி உடம்புக்கு வரும். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் கதிதான்.

எதெல்லாம் இப்படி ஓயாமல் தட்ட வைக்கிறது? நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். அப்பாவின் குடி. ராத்திரி வீட்டில் நடக்கும் அடிதடி. குழுக்கடன் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்பவர்கள். பள்ளிக்கூடத்திலேயே நடக்கிற கேலி, சாதியைச் சொல்லி ஒருவரைத் தள்ளி உட்கார வைப்பது. இந்தக் கடைசி விஷயம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடமே இருக்கிறது. அதைப் பார்க்காததுபோல இருந்துவிட்டு மனநலம் பேசுவதில் அர்த்தமில்லை.

பெரிய காரணமே இல்லாமலும் பிள்ளை சிடுசிடுக்கலாம். பசியும் தூக்கக் குறைவும் போதும். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் அம்மாக்கள் விடியும் முன்னே பூ எடுக்கப் போய்விடுகிறார்கள். மொட்டு விரியுமுன் பறித்தால்தான் விலை. பிள்ளை தானாக எழுந்து, தம்பியை எழுப்பி, வெறும் வயிற்றோடு வந்து நிற்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதைச் சோற்றுத் திட்டமாக மட்டும் பார்க்கிறோம். காலையில் வயிற்றில் பொங்கலோ உப்புமாவோ விழுந்த பிள்ளைகள் முதல் பீரியடில் எவ்வளவு நிதானமாக இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன்: அது மனநலத் திட்டமும்தான்.

## அமைதி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவது உண்டு. தொலைந்த பிள்ளையிடம் போலீஸ்காரம்மா பிஸ்கட் கொடுப்பார், அழாதே என்பார், அம்மா வந்துவிடுவார் என்று விளக்குவார். ஒன்றும் உள்ளே போகாது. அம்மா வந்து தூக்கியதும் முதலில் அழுகை இன்னும் கூடும். அப்புறம் தேம்பல். கொஞ்ச நேரத்தில் தோளிலேயே தூங்கிவிடும். அம்மா எந்த விளக்கமும் சொல்லியிருக்க மாட்டார்.

அங்கே நடந்தது என்ன? பழகிய குரல், பழகிய வாசனை, நிதானமான மூச்சு, முதுகைத் தடவும் கை. இவை எல்லாம் காவல்காரருக்கு "ஆபத்து நீங்கிவிட்டது" என்ற சேதி. பிள்ளையின் உள்ளிருக்கும் பெரியவர் இன்னும் வளராததால், வெளியே இருக்கும் பெரியவர் அந்த வேலையைச் செய்கிறார். இதைச் சேர்ந்து தணிதல் என்று சொல்லலாம். பலநூறு முறை இப்படி இன்னொருவரோடு சேர்ந்து தணிந்த பிள்ளைதான் பிற்பாடு தானாகத் தணியக் கற்றுக்கொள்கிறது. சைக்கிள் பழகும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடுவோமே, அதே வழி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதற்றமும் கைமாறும். நான் கத்தினால் நாற்பது தகரங்கள் சேர்ந்து ஒலிக்கும்.

அம்மா அப்பாவால் முடியாத வீடுகளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஹவாயில் உள்ள காவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று பல சிரமங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குத் துணையாக இருந்தவற்றில் ஒன்று, தங்கள்மேல் அக்கறை மாறாத ஒரு பெரியவர். அது பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அத்தையாக இருக்கலாம், ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

## வகுப்பறையில் நான் செய்வது

காலையில் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆவதில்லை. யார் முகம் வாடியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அன்றைக்கு எதற்குப் பின் எது என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தால் காவல்காரருக்கு வேலை குறைவு.

அப்புறம் உணர்வுகளுக்குப் பெயர் சொல்லித்தருகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை கோபம், பயம், சந்தோஷம் என்ற மூன்றுதான். ஏக்கம், கூச்சம், பொறாமை, ஏமாற்றம், அவமானம் எல்லாம் கோபத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளான நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகியவற்றை முகங்களாக வரையச் சொன்னேன். இளிவரல் என்றால் மனம் குன்றிப்போவது என்று சொன்னதும் ஒரு பெண், "எங்க அண்ணன் பழைய சட்டையப் போட்டுட்டு வந்தப்ப எனக்கு அது வந்துச்சு டீச்சர்" என்றாள். மனதில் ஓடுவதற்குப் பெயர் சொன்னால் அமிக்டலாவின் துடிப்பு குறைவதை மூளையைப் படமெடுத்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

கோபத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சூடான கஞ்சியை ஊதுவதுபோல மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்கிறேன். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். நானும் கூடவே ஊதுகிறேன். தனியாக ஊதச் சொன்னால் அது தண்டனைபோல ஆகிவிடுகிறது.

இதெல்லாம் செல்லம் கொடுப்பது ஆகாதா என்று கேட்கிறார்கள். அடித்தது தப்பு என்பதில் மாற்றமே இல்லை. அடித்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டும், கிழித்த நோட்டை ஒட்டித்தர வேண்டும். நான் மாற்றிக்கொண்டது வரிசையை மட்டும்: முதலில் தணிய வைப்பது, பிறகு என்ன நடந்தது என்று கேட்பது, கடைசியில் திருத்துவது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடலை வருத்தும் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. எல்லார் முன்னாலும் "மக்கு" என்று சொல்வதும் அதில் அடங்கும்.

அந்தத் திங்கட்கிழமைப் பையனின் அப்பாவிடம் போனில் பேசினேன். தூங்க வைத்துவிட்டுப் போகாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டே கிளம்புங்கள் என்றேன். அவர் தன் துண்டை அவனிடம் கொடுத்துவிட்டு, புதன்கிழமை போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார். முதல் வாரம் அழுகை அதிகம். ஐந்தாறு வாரத்தில் வலி குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. வலித்தால் இப்போது, "காவக்காரர் தட்டுறாரு டீச்சர்" என்று என் மேசைக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான்.

## எப்போது வெளியே உதவி கேட்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் விளையாட்டில்கூட நாட்டமில்லை, தூக்கமோ சாப்பாடோ மாறிவிட்டது, தெரிந்த எழுத்துகளும் மறந்துபோகின்றன, பல மாதங்களாகப் படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் காட்டுவது நல்லது. செத்துப்போகிறேன் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ பேசினால் சின்னப் பிள்ளைதானே என்று விடாமல் அன்றைக்கே காட்ட வேண்டும். யாரோ தொட்டதாகப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள், குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், 1098க்கு அழையுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. நேரில் காட்ட மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

போகும்போது வகுப்பாசிரியரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எந்தக் கிழமை, எந்தப் பாட வேளை, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் சரியானது என்ற நான்கு விவரம் இருந்தால் போதும். பத்து நிமிடம் மட்டுமே பிள்ளையைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.